பேர்போன லைமன்

லைமன் செத்து ஆறாவது வருடம், சோளம் உரிக்கிற பருவத்தில், நல்ல பகல் வெளிச்சத்தில் ஊருக்குள் நடந்து வந்தான். தோளில் ஒரு துணிப்பை. வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தான். மற்றபடி போனவன் போனபடியே திரும்பின மாதிரிதான் இருந்தது.

அவனுடைய அக்கா ஹல்டாவின் முற்றத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெள்ளைச் சோளம் உரித்துக்கொண்டிருந்தார்கள். உரித்த மட்டைகளைச் சேர்த்துச் சடை பின்னி, உத்தரத்தில் தொங்கவிடத் தோதாகக் குவித்து வைத்திருந்தார்கள். வாய் ஊர்வம்பில், கை சோளத்தில். அவனை முதலில் பார்த்தவள் சின்னம்மா ஜெருஷா, அவன் அம்மாவின் தங்கை. கிழவி அலறவில்லை, எழுந்து ஓடவுமில்லை. கையிலிருந்த கதிரை மடியில் வைத்துவிட்டு, பந்தியில் விருந்தாளியிடம் குறை கேட்பது மாதிரி கேட்டாள்.

"ஏம்ப்பா, இந்த வசந்தத்துலகூட ஒனக்குப் படைச்சோமே. எதுல கொற வச்சோம்?"

லைமனுக்குப் புரியவில்லை. "எனக்கு ஒண்ணும் வந்து சேரலையே சின்னம்மா."

"சோள ரொட்டி வச்சோம். பன்னிக்கறி வச்சோம். பொகையில நானே கிள்ளிப் போட்டேன். வாங்கிட்டுப் பேசாமப் போயிரணும். இப்பிடி ஆளா வந்து நிக்கக்கூடாது, பிள்ளைகுட்டி இருக்கிற எடம்."

"பசிக்குது சின்னம்மா," என்று அவன் அங்கே கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டான். யாரோ ஒருத்தி கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்து, ஒரு குச்சியால் அவன் பக்கம் தள்ளினாள். சாம்பல் நீரில் வெந்த சோளமும் பயறும் கறித்துண்டும் போட்ட கஞ்சி. அவன் குனிந்து சாப்பிட ஆரம்பித்தான். பெண்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

"செத்தவங்க வாசனைய மட்டுந்தான் எடுத்துக்குவாங்க," ஜெருஷா பக்கத்திலிருந்தவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "இவன் துழாவித் துழாவிக் கறியாப் பொறுக்குறான். இது லைமனேதான். பொடியனா இருக்கையிலயும் இப்பிடித்தான் திம்பான்."

அதற்குப் பிறகுதான் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வெடித்தது. கிழவி அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். காதைப் பிடித்து இழுத்தாள். ஊரே கூடிவிட்டது. இத்தனை கூத்திலும் ஹல்டா மட்டும் சோளம் பின்னுவதை நிறுத்தவில்லை. அது அன்றைக்கு எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

லைமனைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிராண்ட் ஆற்றங்கரையில், எங்கள் பூர்வகுடி ஜனத்தில் பிறந்தவன், ஆமைக் குலம். அம்மா எந்தக் குலமோ அதுதானே பிள்ளைக்கும். கல்யாணம் ஒன்று ஆகி, ஒரு வருடத்திலேயே அவள் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பிடில் வாசிப்பான், சுமாராக. வலைக்கோல் பந்தாட்டத்தில் மட்டும் கெட்டிக்காரன். இரும்பு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எங்கள் ஆட்கள் எல்லை தாண்டி அடுத்த தேசத்துக்குப் போனபோது இவனும் டெட்ராய்ட்டுக்குப் போனான். பாலத்திலும் கட்டடத்திலும் அத்தனை உயரத்தில் நின்று ஆணி அடிக்கிற வேலை. சம்பளச் சீட்டுக்காக ஒரு பெயர் கேட்டார்களாம். பள்ளிக்கூடத்தில் யாரோ வைத்த லைமன் என்பதைக் கொடுத்தான்.

அவனுடைய உண்மையான பெயர் அது இல்லை. 'அக்கரையில் நிற்கிறான்' என்பது அவன் பெயர். எங்கள் பெயர்கள் அப்படித்தான், ஒவ்வொன்றும் ஒரு முழுப் பேச்சு. குலத்துப் பெண்கள் அவற்றைத் தங்கள் கையில் வைத்திருப்பார்கள். பிள்ளை பிறந்தால் சும்மா இருக்கிற பெயர்களில் ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள், நடுக்குளிர் விழாவில், ஊர் கூடிச் சடங்கு செய்கிற நீளவீட்டில், எல்லோரும் கேட்கச் சொல்லிக் கொடுப்பார்கள். அதோடு சில பெயர்களுக்கு ஒரு பாட்டும் கூட வரும். அந்தப் பெயர்க்காரன் மட்டும்தான் அதைப் பாடலாம். அவன் செத்தால் பெயரும் பாட்டும் பெண்களிடம் திரும்பிவிடும். உயிரோடு இருப்பவர்களில் ஒரு பெயருக்கு ஒரு ஆள்தான். இரண்டு பேர் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு நின்றால், நம்மைப் படைத்தவர் எவனை எவன் என்று அடையாளம் வைப்பார்?

தெருவில் யாரும் யாரையும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அக்கா, தம்பி, மாமா, சின்னம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். ஆனால் பெயர் இல்லாதவன் நீளவீட்டில் பாட முடியாது. ஒரு காரியத்துக்கு அவனை அழைக்க முடியாது. செத்தால் அவனை இன்னார் என்று சொல்லி அனுப்பி வைக்கவும் முடியாது. ஆள் இருப்பான், ஆனால் எந்தக் கணக்கிலும் இருக்க மாட்டான்.

வந்த மறுநாள் காலையில் லைமனுக்கு விஷயம் தெரிந்தது. ஹல்டா அடுப்படியில் சோளத்தைச் சாம்பல் நீர் போக அலசிக்கொண்டே சொன்னாள்.

"பாலத்துலேருந்து விழுந்துட்டேன்னு சேதி வந்துச்சு. ஆறு கொண்டுபோயிருச்சு, ஒடம்பு கெடைக்கலன்னாங்க. பத்தாம் நாள் விருந்து வச்சுட்டோம். மான் குலத்துக்காரங்கதான் வந்து எல்லாம் செஞ்சாங்க. ஒன் சாமானெல்லாம் அவங்களுக்குப் பிரிச்சுக் குடுத்தாச்சு."

எங்கள் குலங்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தவை. ஒரு பக்கத்தில் சாவு விழுந்தால் மறுபக்கத்துக் குலங்கள்தான் வந்து குழி வெட்டும், சமைக்கும், பேசும். செத்தவன் சாமான் அவர்களுக்குப் போகும். அதில் தப்பு இல்லை.

"பிடிலும் போச்சா?"

"போச்சு. ஆட்டக்கோலும் போச்சு."

"போனாப் போகுது. என் பேரு?"

ஹல்டா அலசுவதை நிறுத்தவில்லை. "லெவினா பையனுக்குக் குடுத்தாச்சு. அந்த வருஷம் குளுருலயே."

லெவினா ஹல்டாவின் மகள். அவளுடைய ஆறு வயதுப் பையன் வாசலில் ஒரு நாய்க்குட்டியின் வாயைத் திறந்து பல் எண்ணிக்கொண்டிருந்தான்.

"சரி, நாந்தான் வந்துட்டேனே," என்றான் லைமன். "அவனுக்கு வேற ஒண்ணு குடுங்க. எத்தனையோ பேரு கெடக்குதே நம்மகிட்ட."

"பிள்ளைகிட்டேருந்து பேர உருவச் சொல்றியா?"

"என் பேரத்தான கேக்குறேன்."

"அது அவன் ஒடம்புல ஒட்டிப்போச்சு. உருவுனா உசிரும் கூட வந்துரும். அவன் இப்ப என் பேரன் மட்டுமில்ல. ஒன் எடத்துல நிக்கிறவன். அவனத்தான் நான் தம்பின்னு கூப்பிடுறேன். ஆறு வருஷமா அப்பிடித்தான் கூப்பிடுறேன்."

செத்தவன் இடம் காலியாக இருந்தால் குடும்பத்தில் ஓட்டை விழுந்த மாதிரி, அதை அடைக்க ஒருவனை நிறுத்துவது எங்கள் பாட்டன் காலத்து வழக்கம். அடைத்த பிறகு பழைய ஆளே வந்து நின்றால் என்ன செய்வது என்று எந்தப் பாட்டனும் சொல்லி வைக்கவில்லை. விதைக்க ஒரு பேச்சு, அறுக்க ஒரு பேச்சு, மேப்பிள் மரத்தில் பால் இறங்கினால் அதற்கு ஒரு பேச்சு, துக்கக்காரன் கண்ணைத் துடைக்க ஒரு பேச்சு. எங்களிடம் பேச்சுக்கா பஞ்சம்? செத்தவன் திரும்பி வந்தால் பேச ஒரு வார்த்தை இல்லை. ஊர்ப் பெரியவர்கள் இரண்டு நாள் உட்கார்ந்து புகைத்தார்கள். பிறகு, அது ஆமைக் குலத்துப் பெண்கள் சமாச்சாரம் என்று கைகழுவிவிட்டுப் போனார்கள்.

ஜெருஷாதான் அவனைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். விறகு பிளந்து கொடுப்பான், தண்ணீர் எடுத்துத் தருவான். ஊருக்கு அவனை எப்படிக் குறிப்பிடுவது என்று தெரியவில்லை. 'அந்த ஆள்' என்றார்கள், 'வந்தவர்' என்றார்கள். நக்கல் பிடித்த சிலர் 'பேர்போன லைமன்' என்று வைத்தார்கள். எங்கள் ஊரில் ஒருவன் அழுகிறபோதுதான் நாலு பேருக்கு நகைச்சுவை சுரக்கும். என்ன ஊரோ.

ஆம்ப்ரோஸ் அவனுக்குச் சின்ன வயதுச் சேக்காளி. மான் குலம். ஊரில் சாவு விழுந்தால் ஆமை, ஓநாய், கரடிக் குலத்தாருக்குப் பேசுகிற ஆள் அவன்தான். ஒருநாள் கடை வாசலில் இரண்டு பேரும் எதிர்ப்பட்டார்கள். ஆம்ப்ரோஸின் மேல் லைமனுடைய நீலக் கம்பளிக் கோட்டு இருந்தது. ஆம்ப்ரோஸ் சங்கடத்தோடு பொத்தானைக் கழற்றப் போனான்.

"போட்டுக்கடா," என்றான் லைமன். "ஒனக்கு அக்குள்ல பிடிக்குது. நீ பெருத்துட்ட."

"ஒம் பத்தாம் நாள்ல குடுத்தாங்க. வேணாங்க முடியாது, தெரியும்ல."

"நல்லாப் பேசினியாமே. சின்னம்மா சொன்னாங்க. ஊரே அழுதுச்சாம்."

"பேசினேன். பேசச் சொன்னாங்க, பேசினேன்." ஆம்ப்ரோஸ் மனதில் கிடந்ததைக் கொட்டினான். "லைமா, ஒண்ணு சொல்லட்டுமா? நான் பொறுங்கன்னு சொன்னேன். ஒரு வருஷம் பாப்போம்னு சொன்னேன். சேதி கொண்டாந்தவன் நேர்ல பாக்கல. விழுந்தவன் குட்டையான ஆளுன்னான். லைமன்னு பேரு, இந்தப் பக்கத்து ஆளு, அவ்வளவுதான் தெரியும்னான். நீ இருக்கிற ஒசரத்துக்கு ஒன்ன எவனாச்சும் குட்டைன்னு சொல்வானா?"

"அக்காவுக்கு இது தெரியுமா?"

"அவ முன்னாடிதான் சொன்னான்."

ஆம்ப்ரோஸ் மிச்சத்தையும் சொன்னான். "மேல்கரையில ஒங்க குலத்து வீடு ஒண்ணு இருக்குல்ல, அவங்க அந்தப் பேரத் தங்க பேரனுக்குக் கேக்கப் போறாங்கன்னு பேச்சு வந்துச்சு. நல்ல பேரு, பாட்டோட உள்ள பேரு. ஹல்டா முந்திக்கிட்டா. பத்தே நாள்ல ஒன்ன அனுப்பியாச்சு, குளுருல பேரன் கையில பேரக் குடுத்தாச்சு. மேல்கரைக்காரி வந்தப்ப இவ கைய விரிச்சுட்டா."

அதாவது, அவன் தவறி விழவில்லை. அவனைப் பெயருக்காகச் சாவுக்கணக்கில் தள்ளிவிட்டிருந்தார்கள்.

லைமன் நேராக ஹல்டா வீட்டுக்குப் போனான். அவள் உத்தரத்தில் சோளச் சடைகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். கீழே நின்று கேட்டான்.

"குட்டையான ஆளுன்னு சேதிக்காரன் சொன்னானாமே அக்கா."

ஏணியிலிருந்து அவள் இறங்கவில்லை. "சொன்னான்."

"அப்பவும் வச்சுட்ட."

"வச்சேன்." அவள் ஒரு சடையை முடிந்தாள். பிறகுதான் திரும்பினாள். அழுதுகொண்டா சொன்னாள் என்று நினைக்காதீர்கள். கண் காய்ந்து கிடந்தது. "அம்மா படுத்துக் கெடந்தா. ஒனக்கு ஆள் விட்டு அனுப்பினேன். சேதி கெடைச்சுச்சுல்ல? கெடைச்சுச்சு. ரோட்டுல ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் கண்ணத் தொறந்து தொறந்து பாத்தா. பெத்த பொண்ணு பக்கத்துல ஒக்காந்திருக்கேன், என்ன ஒரு தரம் பேர் சொல்லிக் கேக்கல. ஒன்னத்தான் கேட்டா. நீ எங்க இருந்த?"

லைமன் குடித்துக் கிடந்தான். அதுதான் உண்மை. சேதி கிடைத்த அன்றைக்கு ஆரம்பித்தது, தெளிந்து எழுந்தபோது அம்மாவின் பத்தாம் நாளும் முடிந்திருந்தது. அந்த முகத்தை வைத்துக்கொண்டு ஊருக்கு எப்படி வருவது என்று கூசிக் கூசியே வருடங்களை ஓட்டிவிட்டான். காலை உடைத்துக்கொண்டு, இனி உயரத்துக்கு லாயக்கில்லை என்று துரத்தின பிறகுதான் வந்தான். இதையெல்லாம் அவளிடம் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன?

"அன்னிக்கே நீ எனக்குச் செத்துட்ட," என்றாள் ஹல்டா. "நாலு வருஷம் தாமசமா விருந்து வச்சேன். அவ்வளவுதான்."

"அப்ப ஒனக்கு மனசு உறுத்தவே இல்ல?"

"நீ முற்றத்துல வந்து நின்னியே, அன்னிக்கு உறுத்துச்சு. அதுக்கென்ன இப்ப?"

அவள் கல் நெஞ்சுக்காரி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அவளையும் பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆம்ப்ரோஸின் பேச்சு ஊரில் பரவ ஆரம்பித்ததும் அவள் செய்த காரியம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. குலத்துப் பெண்களைக் கூட்டி, தன் தம்பிக்கு ஒரு பெயர் தருவதாகச் சொன்னாள். எல்லோருக்கும் சந்தோஷம். என்ன பெயர் என்று பார்த்தால், 'மொட்டு விடுகிறது'. பெரிய பெயர் கிடைக்கிறவரை வைக்கிற குழந்தைப் பெயர்களில் ஒன்று அது. நடக்கப் பழகுகிற வயதில் வைத்து, மீசை அரும்பும்போது கழற்றிவிட்டுப் பெரிய பெயர் கொடுப்பார்கள். நாற்பத்தைந்து வயது ஆளுக்கு, பல்லில் பாதி போனவனுக்கு, 'மொட்டு விடுகிறது'.

"ஆம்பளப் பேரு ஒண்ணும் சும்மா இல்ல," என்றாள். இருந்தது. எங்களுக்கெல்லாம் தெரியும் இருந்தது என்று.

ஜெருஷாவுக்குக் கோபம். "வேணாம்னு சொல்லிருடா. அந்தப் பேரு எங்க நாய்க்குக்கூடப் பொருந்தாது."

ஒரு வாரம் கழித்து லைமன் வாங்கிக்கொள்கிறேன் என்றான். "பேரே இல்லாம இருக்கிறதுக்கு இது தேவல சின்னம்மா. நாளைக்கு நான் போறப்ப இன்னாரு வர்றாருன்னு சொல்ல ஏதாச்சும் ஒண்ணு வேணும்ல."

நடுக்குளிர் விழாவன்று நீளவீட்டில் இடம் கொள்ளவில்லை. பெயர் வாங்கப்போகிற பொடிசுகள் வரிசையில், மூக்கொழுகிக்கொண்டு, அம்மாக்களின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் லைமன், தலையை உத்தரம் தொடுகிற உயரத்தில். வீடு முழுக்கச் சிரிப்பு அடங்கிப் புகைந்தது.

"அழுதா மடியில வச்சுக்கங்கடி," என்று ஒருத்தி சொன்னது எல்லோருக்கும் கேட்டது. லைமனும் சிரித்தான். பரவாயில்லை, நன்றாகத்தான் தாங்கிக்கொண்டான். அதோடு முடிந்திருந்தால் ஊர் நாலு நாள் சிரித்துவிட்டு மறந்திருக்கும்.

ஆனால் பெயர் கொடுப்பதற்கு முன்னால், ஏற்கெனவே பெயர் வாங்கிய பிள்ளைகளில் பாட்டு உள்ளவர்கள் பாடினார்கள். லெவினாவின் பையனுக்கு அந்த வருடம்தான் முதல் தடவை. ஒரு பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நடத்தினார். "அக்கரையில் நிற்கிறான் பாடுகிறான்," என்று சொன்னார்கள். பையன் பயந்த குரலில் ஆரம்பித்தான். இரண்டாவது அடியில் வார்த்தை தடுமாறி நின்றுவிட்டான்.

வரிசையின் கடைசியிலிருந்து லைமன் எடுத்துக் கொடுத்தான்.

வேண்டுமென்று செய்யவில்லை என்று பிற்பாடு ஜெருஷாவிடம் அடித்துச் சொன்னான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாயில் வருகிற பாட்டு, வாய் திறந்துகொண்டது. முதலில் மெதுவாகத்தான் வந்தது. பிறகு அது நிற்கவில்லை. டெட்ராய்ட்டில் அத்தனை வருடமும் குளிரில் இரும்பின்மேல் நின்றுகொண்டு தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்த பாட்டு. வரிசையை விட்டு வெளியே வந்து, காலை இழுத்துக்கொண்டு, அந்த நீளவீட்டின் நடுவில் நடந்து நடந்து பாடினான். பின்பாட்டுக்கு ஆண்கள் வாய் திறந்தார்கள், யாருக்குப் பின்பாட்டுப் பாடுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டார்கள். பையன் ஓவென்று அழ ஆரம்பித்தான்.

பாட்டு முடிந்தபோது அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம்தான் கேட்டது. ஒரு பெயரை உயிரோடு இரண்டு பேர் பாடி நாங்கள் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. நன்றாகப் பாடினான், அதுதான் கொடுமை. ஊரில் பாதிப் பேருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கின ஒருவன்கூட வாய் திறக்கவில்லை. நானும்தான்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஹல்டா எழுந்தாள். பேச்சாளரைக் கூப்பிட்டு அவர் காதில் சொன்னாள், அவர் கூட்டத்துக்குச் சொன்னார். பழைய பெயரை விட மனசில்லாதவன் புதுப் பெயரை எப்படித் தாங்குவான், ஆகையால் 'மொட்டு விடுகிறது' என்பதையும் ஆமைக் குலம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதற்குத் தகுதி வந்தால் பிறகு பார்க்கலாம்.

அன்றைக்கு ராத்திரியே பேச்சு கிளம்பிவிட்டது. அந்த ஆள் பிள்ளையின் பெயரைப் பாட்டால் இழுக்கிறான், இழுத்து இழுத்து எடுத்துவிடுவான். லெவினா பையனுக்கு இரண்டு நாள் இருமல் வந்தது, குளிர்காலத்தில் எந்தப் பிள்ளைக்குத்தான் வராது? போதாதா? அவன் தெருவில் வந்தால் அம்மாக்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். பந்தியில் அவனுக்குப் பக்கத்தில் இடம் காலியாகவே இருந்தது. முதல் நாள் வந்தபோது குச்சியால் கிண்ணத்தைத் தள்ளினார்களே, அப்போதாவது பயத்தில் செய்தார்கள். இப்போது தெரிந்தே செய்தார்கள். ஜெருஷா மட்டும் ஊரைத் திட்டிக்கொண்டே அவனுக்குக் கஞ்சி ஊற்றினாள்.

பனி உருகி மேப்பிள் மரங்களில் பால் இறங்கத் தொடங்கிய ஒரு காலையில், லைமன் ஆம்ப்ரோஸ் வீட்டுக்குப் போனான். ஆம்ப்ரோஸ் அந்த இனிப்புப் பாலைப் பாகாகக் காய்ச்சுகிற கொப்பரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நுரையை எடுத்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கணும்டா," என்றான் லைமன். "நாளைக்கு நான் செத்தா நீதான பேசணும்?"

ஆம்ப்ரோஸ் கரண்டியைக் கீழே வைத்தான். இந்தக் கேள்வி வரும் என்று பல நாளாகப் பயந்துகொண்டிருந்தான் போல. "என்ன பேசுறது? ஒனக்குப் பேசியாச்சு. ஒருத்தனுக்கு ரெண்டு தரம் பேச வழி இல்ல லைமா. பெரியவங்ககிட்ட கேட்டுட்டேன். குழி வெட்டுவோம். மரியாதையா எறக்குவோம். ஆனா சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

"யாரு பேரச் சொல்லி எறக்குவீங்க?"

ஆம்ப்ரோஸ் குனிந்து கொப்பரைக்கு அடியில் விறகைத் தள்ளினான்.

"அப்ப எனக்குன்னு இருந்தது அந்த ஒரு பேச்சுதான்," என்றான் லைமன். "அது நான் இல்லாதப்ப முடிஞ்சுபோச்சு. சரி, இப்ப சொல்லு. நான் கேக்கல பாத்தியா."

"என்னத்த?"

"எனக்குப் பேசினதத்தான். ஊரே அழுதுச்சுல்ல. நானும் கேக்குறேன்."

"கிறுக்கா ஒனக்கு? உசிரோட இருக்கிறவன் முன்னாடி அதச் சொல்லக்கூடாது."

"நான் உசிரோட இருக்கேன்னு யாருடா சொன்னா? நீதான அனுப்பி வச்ச."

ஆம்ப்ரோஸ் எழுந்தான். தொப்பியைக் கழற்றினான். பேச்சில் நின்றுவிட்டால் அவனுக்கு வேறு குரல் வந்துவிடும்.

'அக்கரையில் நிற்கிறான்' என்ற அந்தப் பெயரைச் சொல்லி ஆரம்பித்தான். ஊருக்கு வந்தபிறகு லைமனை நேராகப் பார்த்து ஒருவர் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நீ நடந்த தடம் இந்த மண்ணில் முடிந்துவிட்டது என்றான். உன் சாமான்களை வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள், அவற்றை நினைத்து நிற்காதே. நீ ஆசையாக ஆடின ஆட்டம் இங்கே நடக்கும், அந்தச் சத்தம் உன் காதில் விழுந்தாலும் நடந்துகொண்டே இரு. உன் அக்கா இருக்கிறாள், சின்னம்மா இருக்கிறாள், அவர்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். உன் மனதை இங்கே எதிலும் மாட்டவிடாதே. நீ யார் என்று உன்னைப் படைத்தவருக்குத் தெரியும். போ, திரும்பிப் பார்க்காமல் போ.

லைமன் தலையைக் குனிந்து கேட்டான். கடைசி வரை கேட்டான். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் பேசியிருக்க," என்றான். "நான் இருந்திருந்தா நானும் நல்லா அழுதிருப்பேன்."

"லைமா, இரு. கொஞ்சம் பாலாவது குடிச்சிட்டுப் போ."

அவன் நிற்கவில்லை. ஜெருஷா வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டான். கிழவி கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள், கால் போனவனுக்கு அங்கே யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டாள். "போகச் சொல்லிட்டாங்க சின்னம்மா," என்று அவள் கையை மெல்ல எடுத்துவிட்டான். ரயிலுக்குப் போகிற பாதை ஹல்டா வீட்டு முற்றத்தை ஒட்டித்தான் போகிறது. வேறு பாதை இல்லை.

ஹல்டா அப்போது முற்றத்தில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். தோளில் பையோடு, காலை இழுத்துக்கொண்டு அவன் கடந்து போவதைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த விறகு விழுந்தது. என்ன இருந்தாலும் தூக்கி வளர்த்தவள். எதிர்வீட்டு வாசலில் நின்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அவள் முகம் அப்படி ஆகி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"தம்பி," என்று கூப்பிட்டாள்.

லைமனின் நடை நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் நின்றான்.

வீட்டுக் கதவு திறந்தது. லெவினாவின் பையன் வாயில் ரொட்டியோடு வெளியே வந்து, "என்ன பாட்டி?" என்றான்.

ஹல்டா பையனைப் பார்த்தாள். பாதையில் நிற்கிற முதுகைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், 'உன்னை இல்லை' என்று பையனிடம் சொல்லியிருந்தால்கூடப் போதும்.

"ஒன்னத்தான் கூப்பிட்டேன்," என்றாள் அவனிடம். "வெறகு எடுத்துட்டு வா."

லைமன் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தான்.